ஹென்றி டார்சி சரித்திரம்

திருவண்ணாமலையைச் சூழ்ந்த பாறைப் பூமியில் கிணறு வெட்டுவோர், பெய்த மழையில் எத்தனை பங்கு நிலத்துள் இறங்கிற்று என்பதைக் கண்ணாற் கண்டறியார். ஏரி நிறைந்தால் கிணறு ஊறும் என்பது நம் முன்னோர் அனுபவத்தால் அறிந்தது. மண்ணுள் நீர் செல்லும் வேகத்தைக் கணக்கில் அடக்கலாமெனக் காட்டியவர் பிரான்சு தேசத்து இஞ்சினீயராகிய ஹென்றி டார்சி. அவர் சரித்திரத்தை ஈண்டுச் சுருக்கி வரைகின்றோம்.

டார்சி 1803-ஆம் ஆண்டு ஜூன் 10-ஆம் தேதி திஜோன் நகரிற் பிறந்தார். கொள்ளிடத்தில் மேலணை கட்டிய ஆர்தர் காட்டனும் அவ்வாண்டிற் பிறந்தவரே. டார்சி 14-ஆம் வயதில் தந்தையை இழந்தார். தாயாரின் விடாமுயற்சியாற் கல்வி பயின்று, 1821-இல் பாரிசு நகரத்து உயர்தொழிற் கல்லூரியிற் சேர்ந்து, பின்னர்ப் பாலங்கள் பாதைகள் இலாகாவில் உத்தியோகம் பெற்றுச் சொந்த ஊருக்கே திரும்பினார்.

அக்காலத்தில் திஜோன் மக்கள் குடித்த நீர் மிகவும் அசுத்தமானது. ரொஸ்வார் என்னும் ஊற்றிலிருந்து நீர் கொணரலாமென 1834-இல் டார்சி திட்டம் வரைந்தார். நமது கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். அதனினும் சற்றே குறைந்த 12.7 கிலோமீட்டர் தூரம் மூடிய கால்வாய் அமைத்து, 1840-ஆம் ஆண்டு செப்டம்பர் 6-ஆம் தேதி அவ்வூற்றுநீரை நகருக்குள் வரச்செய்தார். தெருக்களில் நூறு மீட்டருக்கு ஒன்றாகக் குழாய்கள் வைக்கப்பட்டன. இவ்வளவும் செய்தவர் தமக்குரிய பெருந்தொகையான ஊதியத்தை வேண்டாமென்று விட்டார். நகரத்தார் அளித்த பொற்பதக்கத்தை ஏற்றார். ஆயினும் 1848-ஆம் ஆண்டின் அரசியற் குழப்பத்தில் அவரைத் திஜோனை விட்டே மாற்றிவிட்டனர்.

தேகம் நலிந்து, வேலையினின்று நீங்கித் திரும்பிவந்தபின் அவர் செய்ததே நாம் முக்கியமாகக் கூற வேண்டுவது. நீரை மணலில் வடிகட்டித் தூய்மை செய்ய எவ்வளவு பரப்புள்ள மணற்படுகை வேண்டும்? இதற்கு அக்காலத்தார் உத்தேசமாகவே விடை கூறிவந்தனர். டார்சி 1855-ஆம் ஆண்டின் இறுதியில், ஊர் மருத்துவமனை முற்றத்தில், ஆளுயரத்தினும் நெடிய இரும்புக் குழாயொன்றை நிறுத்தி, அதனுள் ஆற்றுமணலை நிரப்பி, நீரைச் செலுத்தி அளந்தார். உதவிக்கு இருந்தவர் ரித்தர் என்னும் இஞ்சினீயர். மருத்துவமனையிற் பிறர் குழாய்களைத் திறக்கவும் மூடவுமாக இருந்தமையால், அழுத்தங்காட்டும் பாதரசம் ஓயாது ஆடிற்று. அதற்கிடையிலும் அவர் கண்ட விதி மிக எளியது. மணலின் மேலும் கீழும் உள்ள நீர்மட்ட வேறுபாடு இருமடங்கானால், செல்லும் நீரும் இருமடங்காம். மணலின் தடிப்பு இருமடங்கானால், நீர் பாதியாம். பரப்பு மிகுந்தால் அதற்கேற்ப நீரும் மிகும். மணலுக்கு மணல் மாறுவது ஓர் எண் மட்டுமே. 1856-இல் வெளிவந்த அவரது நூலில், 600-க்கு மேற்பட்ட பக்கங்களின் கடைசியில், ஒரு பிற்சேர்க்கையாகவே இஃது இடம்பெற்றது!

அவ்விதி நீர் நிறைந்த மணலுக்குரியது. உலர்ந்த நிலமோ முதலில் நீரை ஆவலாய் உறிஞ்சும். ஈரம் ஆழமாக இறங்க இறங்க வேகம் தணியும். இதனை 1911-இல் ஆஸ்திரேலியாவில் கிரீன், ஆம்ப்ட் என்னும் இருவரும், 1931-இல் அமெரிக்காவில் ரிச்சர்ட்ஸ் என்பவரும் டார்சியின் விதியை அடிப்படையாகக் கொண்டே கணித்தனர். மண்ணின் நுண்துளைகள் நீரால் நிறைந்துவிட்டால், உள்ளழுத்தம் மண்துகள்களின் பிடியைத் தளர்த்தும்; சரிவான நிலம் நழுவும். 2024-ஆம் ஆண்டு டிசம்பர் 1-ஆம் தேதி, பெஞ்சல் புயலின் பெருமழையில், நம் மலையடிவாரத்து வீட்டின்மேல் மண்ணும் பாறையும் சரிந்து, குழந்தைகள் ஐவர் உள்ளிட்ட ஏழு பேர் மாண்டதை நம்மில் யாரும் மறந்திலர். எவ்வளவு மழைக்கு எச்சரிவு தாங்கும் என்று கணிக்க முற்படுவோர், அந்த மருத்துவமனை முற்றத்து அளவையிலிருந்தே தொடங்குதல் வேண்டும்.

தம் விதி இத்துணைத் தூரம் செல்லுமென டார்சி காண ஆயுள் இடங்கொடுக்கவில்லை. நூல் வெளிவந்து இரண்டாண்டும் நிரம்புமுன், 1858-ஆம் ஆண்டு ஜனவரி 3-ஆம் தேதி, பாரிசு நகரிற் சுரங்கண்டு இறந்தார். அவருக்கு மக்கட்பேறு இல்லை. உடலைத் திஜோனுக்குக் கொணர்ந்து அடக்கம் செய்தனர். அவர் கொணர்ந்த நீர் வந்து சேரும் தேக்கம் அமைந்த சதுக்கத்திற்கு நகரத்தார் டார்சியின் பெயரையே இட்டனர். இன்றும் அப்பெயரே வழங்குகின்றது.