கடிகாரத்தை மேலாளர்கள் பக்கம் திருப்பிய கான்ட்

ஹென்றி லோரன்ஸ் கான்ட் 1861 மே 20 இல் அமெரிக்காவின் மேரிலான்ட் மாநிலத்தில் பிறந்தார். அவர் பிறப்பதற்குச் சில வாரங்கள் முன்னர்தான் அங்கு உள்நாட்டுப் போர் தொடங்கியிருந்தது. போர் முடிந்தபோது வசதியாக வாழ்ந்த பண்ணைக் குடும்பம் நொடிந்துபோயிருந்தது. எமது இடப்பெயர்வுகளோடு இந்த இழப்பை ஒப்பிட முடியாது. அந்த வசதி அடிமைகளின் உழைப்பில் விளைந்தது.

வறிய சிறுவர்களுக்கான மக்டொனோ பாடசாலையில் படித்து, 1880 இல் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். சிறிது காலம் ஆசிரியராக இருந்தபின் பொறியியல் கற்று, 1887 இல் மிட்வேல் உருக்காலையில் சேர்ந்தார். அங்கேதான் பிரெடெரிக் டெய்லரைச் சந்தித்தார். கையில் நிறுத்தற் கடிகாரத்துடன் தொழிலாளரின் ஒவ்வொரு அசைவையும் அளந்தவர் டெய்லர். அவருடைய முறையில் இலக்கை எட்டாதவருக்குக் கூலி வீதமே குறைந்துவிடும்.

கான்ட் அதை மாற்றினார். பெத்லஹேம் உருக்காலையில் 1901 இல் அவர் கொண்டுவந்த முறையில், குறித்த நேரத்துக்குள் வேலையை முடித்தவருக்கு மேலதிகக் கொடுப்பனவு கிடைத்தது. முடிக்காதவருக்கும் நாட்கூலி குறையவில்லை. தொழிலாளர் இலக்கை எட்டினால் மேற்பார்வையாளருக்கும் பங்கு உண்டு. அதனால் அதட்டிக்கொண்டு நின்றவர்கள் வேலை பழக்கத் தொடங்கினார்கள். யார் எட்டினார், யார் எட்டவில்லை என்பது நாளாந்தம் கறுப்பு, சிவப்புக் கோடுகளாகப் பதிவானது.

அவருடைய பதிவுகளில் எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. இயந்திரம் சும்மா நின்றால் ஏன் நின்றது என்பதையும் எழுத்துக் குறியால் காட்டினார்: மூலப்பொருள் வரவில்லை, ஆள் இல்லை, திருத்தவேலை. இவற்றில் பெரும்பாலானவை தொழிலாளியின் கையில் இல்லை. கணக்குக் கேட்க வேண்டியது நிர்வாகத்திடம்.

1917 இல் அமெரிக்கா முதலாம் உலகப் போரில் இறங்கியபோது, இராணுவத் தளபாடத் திணைக்களத்துக்கும் கப்பல் கட்டும் பணிக்கும் அவருடைய அட்டவணைகள் பயன்பட்டன. எவ்வளவு பணத்துக்குக் கட்டளை கொடுத்தாயிற்று என்பதல்ல, எது எப்போது முடிந்தது என்பதே கேள்வி. திகதிகள் மேலே, திட்டமிட்டதும் முடிந்ததும் கீழே கோடுகளாக. பின்தங்கிய வேலை பார்த்தவுடன் தெரியும்.

இன்று மென்பொருள் நிறுவனங்களில் ஒவ்வொரு வேலையும் முடிந்த நேரத்தைக் கணினியே குறித்துவைக்கிறது. அதை வைத்தே குழுக்களின் திறன் அளக்கப்படுகிறது. யாழ்ப்பாணத்தில் இத்தொழில் செய்யும் எமது பிள்ளைகளுக்கு இது புதிதல்ல. ஒரு வேலைக்குப் பத்து நாள் சென்றது என்று அந்த நேரக்குறிப்புச் சொல்லும். அதில் எட்டு நாள் மேலிடத்து அனுமதிக்காகக் கிடந்தது என்பதைச் சொல்லாது. கான்டின் கோடுகளை எடுத்துக்கொண்டவர்கள் அவருடைய காரண எழுத்துகளைப் பெரும்பாலும் விட்டுவிட்டார்கள்.

கான்ட் 1919 நவம்பர் 23 இல் காலமானார். அவருடன் பணியாற்றிய வொலஸ் கிளார்க் 1922 இல் எழுதிய நூல்தான் அந்த அட்டவணையை உலகெங்கும் கொண்டுசென்றது. போலந்துப் பொறியியலாளர் கரோல் அடாமியெக்கி 1896 இலேயே இதுபோன்ற ஒன்றை வரைந்திருந்தார். அவர் எழுதியது ஆங்கிலத்தில் அல்ல. பெயர் கான்டுக்கே நிலைத்தது.