28 பவுண்டு போதும் என்றவர்

ராயப்பேட்டைப் பக்கம் போகும்போது வெஸ்லி பள்ளியைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பெயருக்குரிய ஜான் வெஸ்லி இங்கிலாந்துக்காரர். மெதடிஸ்ட் கிறிஸ்தவ இயக்கத்தைத் தொடங்கியவர். 38 வருடம் வங்கியில் லெட்ஜர் எழுதிய எனக்கு அவரிடம் பிடித்தது அவருடைய வரவு செலவுக் கணக்கு.

1703-இல் எப்வொர்த் என்ற ஊரில் பிறந்தார். அப்பா அந்த ஊர்ப் போதகர். கடனைக் கட்ட முடியாமல் 1705-இல் சிறைக்கே போனவர். அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளை கையில் நாலு காசு சேர்ந்ததும் இறுக்கிப் பிடித்திருந்தால் நாம் குறை சொல்ல மாட்டோம்.

ஆக்ஸ்ஃபோர்டில் இருந்தபோது ஒரு குளிர்காலத்தில், அவரும் நண்பர்களும் படிக்க வைத்த ஒரு சிறுமி மெல்லிய உடையில் நடுங்கிக்கொண்டு வந்தாள். சட்டைப் பையில் கை விட்டார், அநேகமாக ஒன்றும் இல்லை. அறைச் சுவருக்குப் படங்கள் வாங்கி அப்போதுதான் பணம் கொடுத்திருந்தார். அந்தக் குழந்தையின் போர்வைக்கான காசு சுவரில் தொங்குகிறதே, ஆண்டவருக்கு என்ன கணக்குச் சொல்வேன் என்று மனம் குத்தியது.

ஆக்ஸ்ஃபோர்டு நண்பர்களில் ஒருவருடைய கணக்கை வெஸ்லி பின்னாளில் எழுதியிருக்கிறார். அது அவரேதான் என்பார்கள். முதல் வருடம் வருமானம் 30 பவுண்டு. செலவு 28, தானம் 2. அடுத்த வருடம் வருமானம் 60; செலவு அதே 28, தானம் 32. பிறகு 90, பிறகு 120. செலவு மட்டும் 28-ஐத் தாண்டவில்லை.

இதைப் படித்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. சம்பள உயர்வு அரியர்ஸ் வரும்போதெல்லாம் எங்கள் வீட்டில் புதிதாக ஒரு சோபாவோ ஃப்ரிட்ஜோ வந்துவிடும். உங்கள் வீட்டில் எப்படி?

வங்கிக்காரனாக நான் ரசித்தது இன்னொன்று. ஏழைகளுக்காக லண்டனில் ஒரு கடன் நிதி தொடங்கினார். மூலதனம் சுமார் 30 பவுண்டு. ஒருவருக்கு 20 ஷில்லிங், அதாவது ஒரு பவுண்டு. வாராவாரம் கட்டி மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும். 18 மாதத்தில் 255 பேருக்கு உதவியிருக்கிறார்கள். பணம் எப்படிச் சுழன்றிருக்கிறது பாருங்கள்!

1751-இல் நடந்த கல்யாணம் சரிப்படவில்லை. எந்நேரமும் குதிரையேறி ஊர் ஊராகப் பிரசங்கத்துக்குப் போகிறவரோடு குடித்தனம் நடத்துவது லேசா? அந்த அம்மாளையும் நாம் நினைத்துக்கொள்ள வேண்டும்.

மலிவு விலையில் அவர் போட்ட புத்தகங்கள் எதிர்பாராமல் பெரும் பணம் தந்தன. அதையும் கொடுத்துக்கொண்டே இருந்தார். 1776-இல் வரி அதிகாரிகள், இவ்வளவு பெரிய மனிதர் வெள்ளிப் பாத்திரங்களைக் கணக்கில் காட்டாமல் இருக்கிறார் என்று நினைத்துக் கேட்டு எழுதினார்கள். லண்டனில் இரண்டு, பிரிஸ்டலில் இரண்டு, மொத்தம் நான்கு வெள்ளி ஸ்பூன்தான். சுற்றிலும் பலர் ரொட்டிக்கு அலையும்போது இனி வாங்குவதாகவும் இல்லை என்று பதில் போட்டார்.

1790-இல் நடுங்கும் கையெழுத்தில் கணக்குப் புத்தகத்தை முடித்தார். மறு வருடம் மார்ச் 2-ஆம் தேதி, 87 வயதில் காலமானார். சவ வண்டி வேண்டாம், ஆறு ஏழைகள் தன்னைச் சுமக்கட்டும், அவர்களுக்கு ஆளுக்கு ஒரு பவுண்டு கொடுங்கள் என்று உயிலில் எழுதி வைத்திருந்தார்.