ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல்

ஒளியும் மின்காந்த அலையே என்று கணித வாயிலாக நாட்டிய பேரறிஞர் மாக்ஸ்வெல் என்பதை விஞ்ஞான மாணவர் யாவரும் அறிவர். இயந்திரங்களைச் சீராக ஓட்டும் கவர்னர்களைப் பற்றி அவர் எழுதிய சிறு கட்டுரையை அறிந்தோர் சிலரே. (கவர்னரென்றதும் நாடாளும் ஆளுநர் நினைவுக்கு வருதல் இயல்பு, இது அவரன்று.)

இவர் 1831-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 13-ஆம் நாள் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரிற் பிறந்தார். எட்டாம் வயதில் அன்னையை இழந்தார். பள்ளித் தோழர் இவரைப் பேதையென்று எள்ளினர்; அப்பேதை பதினான்காம் வயதில் வரைந்த கணிதக் கட்டுரையோ அந்நகரத்து ராயல் சங்கத்தில் வாசிக்கப்பெற்றது. கேம்பிரிட்ஜில் 1854-இல் நிகழ்ந்த கணிதத் தேர்வில் இவர் இரண்டாமவராகவே தேறினார். முதலிடம் பெற்றவர் எட்வர்டு ரவுத். இப்பெயரை வாசகர் மறவாதிருப்பாராக.

பின்னர் அபர்தீனில் ஆசிரியராயிருந்த காலத்துச் சனிக்கிரகத்தின் வளையத்தை ஆராய்ந்தார். சிறிது அசைவு நேரின் அவ்வசைவு அடங்குமா, வளர்ந்து வளையத்தையே சிதைக்குமா என்பதே வினா. திடமான ஒரே தட்டாயின் நிலைத்திராதென்றும், அவ்வளையம் எண்ணிறந்த துகள்களின் கூட்டமே என்றும் 1859-இல் வெளிவந்த நூலில் விளக்கினார்.

அவ்வினா அவரை விடவில்லை. 1863-இல் லண்டன் கிங்ஸ் கல்லூரியில் மின்தடையின் அலகை நிர்ணயிக்கக் கம்பிச் சுருளொன்றை மாறாத வேகத்திற் சுழற்ற வேண்டியிருந்தது. அதற்கு ஒரு கவர்னர் துணைசெய்தது. வேகம் மிகின் தடுப்பதும் குறையின் விடுவதும் அதன் தொழில். ஆயின் திருத்தம் அளவு மீறினால் சக்கரம் சீராகாது. விரைவதும் தளர்வதுமாய் ஊசலாடும். நோயினும் மருந்து கொடியதாகும்!

1865-இல் பதவி துறந்து க்ளென்லேர் பண்ணைக்கு மீண்ட மாக்ஸ்வெல், கார்ஸாக் சபையில் மூப்பராய் ஊழியஞ் செய்துகொண்டே இதனை ஆராய்ந்து, 1868-இல் முடிவை வெளியிட்டார். அசைவு ஆடாமல் தேயலாம்; ஆடி ஆடித் தேயலாம்; ஆடாமல் வளரலாம்; ஆடி ஆடி வளரலாம். முன்னிரண்டே நிலைபேறுடையன. எது நிகழுமென்பதைச் சமன்பாட்டின் மூலங்கள் காட்டிவிடும்.

இன்றைய கணிப்பொறியினுள் மின்னழுத்தத்தைக் காக்கும் சீராக்கி, ஒரு நொடியிற் பல்லாயிரம் முறை, சிலவற்றில் பல இலட்சம் முறை, மின்சாரத்தை விட்டும் நிறுத்தியும் அளிக்கின்றது. சுமை திடீரென ஏறின் அழுத்தம் தாழும், விரைந்து உயர்த்தவேண்டும். மிகையாகவோ காலந்தாழ்த்தோ திருத்தினால் அழுத்தம் அந்தப் பழஞ் சக்கரம்போலவே ஊசலாடும். ஆகவே பிழையின் அளவை மட்டுமன்றி, அது மாறும் விரைவையும் கணித்துத் திருத்துமாறு சுற்றுக்களை அமைக்கின்றனர். விரைவும் வேண்டும், அடக்கமும் வேண்டும். ஒன்றைப் பெருக்க மற்றது குன்றுகிறது.

மாக்ஸ்வெல் மூன்றாம்படிச் சமன்பாட்டிற்கு நிபந்தனையை முற்றக் கண்டார். எல்லாப் படிகளுக்குமான பொதுவிதி அவருக்கு அகப்படவில்லை. அதனை மறையாது கூறிக் கணித அறிஞரின் கவனத்தை வேண்டினார். சில ஆண்டுகளுக்குப்பின் கேம்பிரிட்ஜின் ஆதம்ஸ் பரிசுக்கு இதுவே பொருளாக அறிவிக்கப்பட்டது. தேர்வாளருள் மாக்ஸ்வெல்லும் ஒருவர். 1877-இல் பொதுவிதியைக் கண்டு பரிசு பெற்றவர், முன்னே அவரை வென்ற ரவுத்தே.

அதற்கு ஈராண்டின்பின், 1879 நவம்பர் 5-ஆம் நாள், தம் அன்னையைக் கொண்டுபோன அதே வயிற்றுப் புற்றுநோயால், 48-ஆம் வயதில், மாக்ஸ்வெல் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.