கல்முனை மறவாத பெரியார் ஏ.எம்.ஏ. அஸீஸ்



கல்முனைப் பகுதியின் வயல்வெளிகளில் 'அஸீஸ் துரைக் கண்டம்' என்னும் பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். கண்டம் என்றால் வயற்பரப்பு என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் அந்த அஸீஸ் துரை யார்? அவர் இப்பகுதியிற் பிறந்தவரல்லர். இங்கு நீண்ட காலம் வாழ்ந்தவருமல்லர். அப்படியிருந்தும் விவசாயிகள் தம் வயலுக்கே அவருடைய பெயரைச் சூட்டினார்கள். அதற்கான காரணத்தை அறிந்து கொண்டால் அப்பெரியாரின் வாழ்வையே அறிந்தவர்களாவீர்கள்.

இளமையும் கல்வியும்

அபூபக்கர் முஹம்மது அப்துல் அஸீஸ் 1911 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 4 ஆந் திகதி யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் பிறந்தார். வைத்தீஸ்வர வித்தியாலயத்திலும் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும் கல்வி கற்றார். இந்து ஆசிரியர்களிடம் தமிழையும் பிற பாடங்களையும் கற்ற ஒரு முஸ்லிம் மாணவர் அவர். பிற சமயத்தவரை மதிக்கும் பண்பு அவரிடம் இளமையிலேயே வேரூன்றியதற்கு இது முக்கிய காரணமாகும்.

பின்னர் கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியில் வரலாற்றைச் சிறப்புப் பாடமாகக் கற்றுப் பட்டம் பெற்றார். 1935 இல் இலங்கை சிவில் சேவைக்குத் தெரிவானார். அச்சேவையில் இடம்பெற்ற முதல் முஸ்லிம் இவரே. ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் ஓர் இலங்கையர் அடையக்கூடிய உயர்ந்த அரச பதவி அதுவாகும் என்பதை மனதிற் கொள்ளுங்கள்.

கல்முனையில் அஸீஸ்

1942 ஏப்ரல் மாதத்தில் கொழும்பு மீதும் திருகோணமலை மீதும் ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசின. அக்காலத்தில் இலங்கை தனக்குத் தேவையான அரிசியின் பெரும்பகுதியை வெளிநாடுகளிலிருந்தே பெற்றது. பர்மா ஜப்பானியர் வசமானதும் அங்கிருந்து வந்த அரிசி நின்றுவிட்டது. நாட்டில் பஞ்சம் ஏற்படும் என்ற அச்சம் பரவியது. எனவே உள்நாட்டில் உணவு உற்பத்தியைப் பெருக்குவதற்காகக் கல்முனையில் அவசரகாலக் கச்சேரி ஒன்று திறக்கப்பட்டது. அதன் உதவி அரசாங்க அதிபராக அனுப்பப்பட்டவர்தான் அஸீஸ். அப்போது அவருக்கு வயது 30. கல்முனை அந்நாளில் மட்டக்களப்பு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அம்பாறை மாவட்டம் 1961 இலேயே உருவானது.

அக்காலத்து அதிகாரிகளைக் கண்டால் ஏழை விவசாயிகள் ஒதுங்கி நிற்பார்கள். அஸீஸ் அவர்களோ அவர்களிடம் தாமே சென்றார். அவர்களுடைய தமிழிலேயே பேசினார். காடாகக் கிடந்த நிலங்களை நெல் விளையும் வயல்களாக மாற்ற ஊக்கமளித்தார். பஞ்சத்தைப் போக்க விளைந்த அந்த நிலத்தில் அவருடைய பெயரும் நிலைத்தது. யாரும் ஆணையிட்டு வைத்த பெயரல்ல அது. மக்களின் நன்றி வைத்த பெயர்.

காரைதீவில் பிறந்த சுவாமி விபுலானந்தரோடும், காத்தான்குடிக் கவிஞர் அப்துல் காதர் லெவ்வையோடும் அவர் நட்புப் பூண்டார். மதம் வேறாயினும், துறவியும் அதிகாரியும் கல்வி என்னும் ஒரே குறிக்கோளினால் இணைந்தார்கள்.

மனதை மாற்றிய காட்சி

மாணவர்களே, இனி வருவதே அவரது வாழ்வின் முக்கிய பகுதி. வயல் வேலையைப் பார்க்கச் சென்ற அஸீஸ் அங்கு வேறொன்றையும் கண்டார். கூர்மையான அறிவுள்ள பிள்ளைகள் பலர் வறுமையினால் படிப்பை இடையில் விட்டிருந்தார்கள். ஒரு போகம் விளைந்தால் அந்த ஆண்டின் பசி தீரும். ஆனால் ஒரு பிள்ளை படித்தால் அக்குடும்பமே நிமிரும் என்பதை அவர் உணர்ந்தார். அந்த ஆண்டிலேயே கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கத்தைத் தோற்றுவித்தார்.

இடமாற்றம் பெற்றுச் சென்ற பின்னரும் கல்முனையில் கண்டதை அவர் மறக்கவில்லை. 1945 இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியை நிறுவினார். இதனால் நாடெங்குமுள்ள வறிய மாணவர்கள் உயர்கல்வி பெற வழி பிறந்தது. கல்முனையில் ஊன்றிய விதை நாடளாவிய மரமாயிற்று.

பதவியைத் துறத்தல்

1948 இல் அவர் எடுத்த முடிவு பலரை வியக்க வைத்தது. அதிகாரமும் ஓய்வூதியமும் உறுதியாக இருந்த சிவில் சேவையைத் துறந்து, கொழும்பு ஸாஹிராக் கல்லூரியின் அதிபர் பதவியை ஏற்றார். மேலும் உயரக்கூடிய வயதில், மனைவி மக்களோடு வாழும் ஒருவர் இவ்வாறு செய்வது எளிதன்று. பிறரிடம் கல்விக்காகத் தியாகம் செய்யுங்கள் என்று சொல்வதற்கு முன் அதைத் தாமே செய்து காட்டினார்.

1961 வரை அவர் அதிபராக இருந்த காலம் ஸாஹிராவின் பொற்காலம் எனப் போற்றப்படுகிறது. தமிழறிஞர் கார்த்திகேசு சிவத்தம்பி அக்கல்லூரியில் மாணவராகவும் பின்னர் ஆசிரியராகவும் இருந்தவர். 1950 இல் முஸ்லிம் வாலிபர் இயக்கத்தையும் அஸீஸ் தொடக்கி வைத்தார்.

1952 முதல் 1963 வரை செனட் சபை உறுப்பினராகவும் பணியாற்றினார். 1956 இல் சிங்களம் மட்டும் என்ற கொள்கையைத் தமது கட்சி ஏற்றபோது அக்கட்சியிலிருந்து விலகினார். அன்பான மனிதர், கொள்கையில் தளர்ந்தவரல்லர் என்பதற்கு இது சான்றாகும்.

தமிழிலும் ஆங்கிலத்திலும் அவர் எழுதினார். 'இலங்கையில் இஸ்லாம்' என்ற அவரது தமிழ் நூல் சாகித்திய மண்டலப் பரிசைப் பெற்றது. 1973 நவம்பர் 24 ஆந் திகதி அவர் காலமானார். 1980 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் அவருக்கு இலக்கிய கலாநிதிப் பட்டத்தை வழங்கிக் கௌரவித்தது. 1986 இல் அவரது உருவம் பொறித்த முத்திரை வெளியிடப்பட்டது.

முடிவுரை

பட்டமும் முத்திரையும் பெரியோருக்குக் கிடைக்கும் சிறப்புகளே. ஆயினும் ஏழை உழவர்கள் தம் வயலுக்குச் சூட்டிய பெயர் அவற்றினும் குறைந்ததன்று. இரக்கப்படுவதோடு நின்றுவிடாமல், அந்த இரக்கம் தாம் இல்லாத காலத்திலும் பயன்தரும்படி சங்கமாகவும் நிதியாகவும் அமைத்தார் அஸீஸ். இப்போது உங்கள் கையிலுள்ள புத்தகத்தை ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். அன்று அவர் கண்ட பிள்ளைகளுக்கு அது கிட்டாத பொருளாக இருந்தது.

பயிற்சி வினாக்கள்

1. 1942 இல் கல்முனையில் அவசரகாலக் கச்சேரி திறக்கப்பட்டதற்கான காரணங்கள் இரண்டினைத் தருக.

2. அஸீஸ் அவர்கள் 1942 இலும் 1945 இலும் தோற்றுவித்த கல்வி அமைப்புகளின் பெயர்களை எழுதுக.

3. அவர் சிவில் சேவையைத் துறந்ததை ஏன் தியாகம் எனக் கூறலாம்? விளக்குக.

4. உமது ஊரில் மக்களின் நன்றியினால் ஒருவருடைய பெயர் வழங்கும் இடம் ஏதேனும் உண்டா? பெரியோரிடம் கேட்டறிந்து, 150 சொற்களில் ஒரு கட்டுரை எழுதுக.