பாட்டுக்குப் பூட்டு

பெரியபட்டினத்து மண்ணிலே சீனத்துப் பீங்கான் ஓடுகள் கிடைத்தன. கீழ்த்திசை நாடுகளோடு வாணிகம் நடத்திய பழம்பெரும் துறைமுகம் அது. அந்நாளில் சரக்கு வந்தது கப்பலில். பின்னாளில் சிந்தனை வந்தது செய்தித்தாளில்! கீழ்த்திசையின் எழுச்சியைத் தமிழனுக்கு எடுத்துரைத்த பேனாக்களுள் ஒன்று, எட்டயபுரத்தில் 1882-இல் பிறந்த பாரதியாருடையது.

1904-இல் மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் சில மாதங்கள் தமிழாசிரியர். அதே ஆண்டு சென்னையில் ‘சுதேசமித்திரன்’ துணையாசிரியர். அப்போது ஜப்பானுக்கும் ரஷ்யாவுக்கும் போர். 1905-இல் சுஷிமா கடலில் ஜார் மன்னனின் கப்பற்படை கவிழ்ந்தது. ஐரோப்பியனை ஆசியன் வெல்ல முடியுமா என்று ஐயுற்றவர்களுக்கு விடை கிடைத்தது! அதே ஆண்டு கர்சன் வங்கத்தைத் துண்டாடினான், நாடு கொதித்தது.

1906-இல் ‘இந்தியா’ வார ஏடு பிறந்தது. பாரதியார் பேனா கனல் கக்கிற்று. 1908-இல் அடக்குமுறை வந்தது. சட்டப்படி ஆசிரியராக இருந்த சீனிவாசன் கைதானார். பாரதியார் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுவைக்குச் சென்றார். ஏடு அங்கிருந்தும் வந்தது. பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் அது நுழையத் தடை விதித்தனர். 1910-இல் ஏடு நின்றது. பாட்டுக்கு முதல் பூட்டு!

வெள்ளையன் மட்டுமா பூட்டினான்? வெற்றிக் கொடி பிடித்த ஜப்பானைப் பாருங்கள். மன்னரைக் கொல்லச் சதி செய்தார்கள் என்று 1910-இல் வழக்கு. 1911 ஜனவரியில் பத்திரிகையாளர் கொதொகு ஷூசுய் உட்பட 12 பேருக்குத் தூக்கு! அந்த வழக்கைக் கண்டு குமுறிய கவிஞர் இஷிகாவா தகுபோகு, பத்திரிகை அலுவலகத்தில் பிழை திருத்திப் பிழைத்தவர். வறுமையும் காசநோயும் வாட்ட, 1912-இல் 26-ஆம் வயதில் மாண்டார். ஆள்வோர் நிறம் மாறலாம். பேனாவைக் கண்ட அச்சம் மாறவில்லை.

புதுவையில் பத்தாண்டு. பாஞ்சாலி சபதமும் குயில் பாட்டும் அங்கே பிறந்தன. ஜப்பானியரின் மூன்றடிக் கவிதையின் சுருக்கத்தை வியந்து 1916-இல் சுதேசமித்திரனில் கட்டுரை தீட்டினார். நாடு கடந்து வாழ்ந்தவர் உலகக் கவிதைக்குக் கதவு திறந்தார்! 1918-இல் புதுவையை விட்டு வெளியேறினார். கடலூரில் கைது, சிறை, பிறகு விடுதலை.

1920-இல் ஒரு கனவு கண்டார். தம் எழுத்து முழுவதும் 40 நூல்கள். ஒவ்வொன்றும் 10,000 படிகள். தீப்பெட்டி போல் வீடுதோறும் விற்க வேண்டும். அதற்காகக் கடன் கேட்டுக் கடிதம் எழுதினார். வேண்டிய பணம் வரவில்லை. 1921 செப்டம்பரில் திருவல்லிக்கேணியில் 38 வயதில் கண் மூடினார். இறுதி ஊர்வலத்தில் சென்றது ஒரு சிறு கூட்டமே! இதுதான் இரண்டாம் பூட்டு. இதைப் பூட்டியது வெள்ளையனல்ல, நமது பாராமுகம்!

1928-இல் சென்னை அரசு அவர் பாடல்களைப் பறிமுதல் செய்தது. 1949-இல் அதே சென்னை அரசு உரிமையை வாங்கிற்று. பின்னர் அவை பொதுச் சொத்தாயின. அரசு போட்ட பூட்டு உடைந்தது. சிலை வைத்தோம், விழா எடுத்தோம், நன்று. ஆனால் இன்று எழுதுகிறவன் நூலை, அவன் உயிரோடு இருக்கும்போதே காசு கொடுத்து வாங்குகிறோமா? இரண்டாம் பூட்டின் சாவி நம் கையில்தான் இருக்கிறது, தோழர்களே!