இரு விடை கண்ட பாஸ்கராசாரியார்

பாரத நாட்டின் கணித மேதையருள் தலைசிறந்தவராகிய பாஸ்கராசாரியார் கி.பி. 1114-ஆம் ஆண்டில் பிறந்தார். சையமலைத் தொடரை அடுத்த விஜ்ஜடவிடம் அவருடைய ஊர். தந்தையார் மகேசுவரர் வானநூல் வல்லுநர்; மைந்தருக்கு ஆசிரியரும் அவரே. 1150-இல், தம் முப்பத்தாறாம் வயதில், பாஸ்கரர் சித்தாந்த சிரோமணி என்னும் பெருநூலை இயற்றினார். அதன் பகுதிகளுள் லீலாவதி எண்கணிதத்தையும், பீஜகணிதம் இயற்கணிதத்தையும், ஏனைய இரண்டும் கோள்களின் நிலையையும் கூறுவன. லீலாவதி என்பது அவர் மகளின் பெயர் என்று ஒரு கதை உண்டு. அக்கதை, 1587-இல் அந்நூலைப் பாரசீகத்தில் பெயர்த்த பைசியின் முன்னுரையில் காணப்படுவது.

பீஜகணிதத்தில் குரங்குக் கணக்கு ஒன்று உள்ளது. ஒரு குரங்குக் கூட்டம். அதன் ஐந்தில் ஒரு பங்கினின்று மூன்றைக் கழித்து, எஞ்சியதன் வர்க்கம் எத்தனையோ அத்தனை குரங்குகள் குகைக்குள் புகுந்தன. ஒன்று மட்டும் கிளையில் எஞ்சியது. கூட்டத்தின் தொகை யாது?

தொகையைக் க எனக் கொண்டு சுருக்கினால், க² − 55க + 250 = 0 என்னும் இருபடிச் சமன்பாடு கிடைக்கும். இதனைத் தீர்க்கும் வழியைப் பாஸ்கரர் தமக்கு முற்பட்ட ஸ்ரீதரரிடமிருந்து பெற்றார். அதனை மறையாது ஸ்ரீதரர் பெயராலேயே வழங்கினார். ஸ்ரீதரரின் இயற்கணித நூல் அழிந்துபோயிற்று. அவ்விதியோ பாஸ்கரர் நூலால் பிழைத்தது. வர்க்கத்தின் குணகத்தை நான்கால் பெருக்கி, அத்தொகையால் இருபுறமும் பெருக்குக. பின்னர்க் க-வின் குணகத்தினது வர்க்கத்தை இருபுறமும் கூட்டுக. இங்கு (2க − 55)² = 2025 என்றாகும். 2025-இன் வர்க்கமூலம் 45. இன்று நாம் பயிலும் சூத்திரம் இவ்வழியின் சுருக்கமே.

ஆயினும், 45-ஐப் போலவே −45-இன் வர்க்கமும் 2025 தானே! ஆதலின் விடை 50 என்றும் 5 என்றும் இரண்டாயின. பாஸ்கரர் இரண்டையும் எடுத்துக் காட்டினார். ஐந்து குரங்குகளில் ஐந்தில் ஒரு பங்கு ஒன்று. அதனின்று மூன்றை எவ்வாறு கழிப்பது? −2-இன் வர்க்கம் 4. ஒன்றைக் கூட்டினால் 5. கணக்கு ஒத்துவருகிறது, குரங்குகள் ஒத்துவரவில்லை! குறை எண்ணை உலகத்தார் ஏலார் எனக் கூறி, அவர் 5-ஐ விலக்கினார். மற்றொரு குரங்குக் கணக்கிலோ 48, 16 என வந்த இரண்டையும் ஏற்றுக்கொண்டார். வந்த விடையை அவ்வாறே எழுதிவிடும் மாணவர் அவருடைய வகுப்பில் தேறியிரார்.

பாஸ்கரர் காலத்தில் வரைபடம் இல்லை. பிரெஞ்சு அறிஞர் டெக்கார்ட்டு 1637-இல் வெளியிட்ட நூலின் வழியே சமன்பாட்டை வளைகோடாகக் காணும் முறை வளர்ந்தது. மேற்கண்ட சமன்பாட்டின் இடப்பக்கக் கோவையை வரைந்தால் கிண்ணம் போன்ற பரவளைவு தோன்றும். அது கிடைக்கோட்டை 5-லும் 50-லும் வெட்டும். கிண்ணத்தின் அடி இரண்டிற்கும் நடுவே 27½-இல் அமையும். இரண்டு விடை ஏன் என்பது இப்போது கண்ணுக்கே புலனாகிறது. எதனைக் கொள்வது என்பதைப் படம் சொல்லாது.

எறிபொருளின் கணக்கிலும் இதே நிலை உண்டு. அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடும் இருக்கன்குடியில், ஆற்றுமணலில் நின்று ஒருவன் விநாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் கல்லொன்றை நேர்மேலே எறிகிறான் எனக் கொள்வோம். அது 15 மீட்டர் உயரத்தை ஏறத்தாழ முதல் விநாடி முடிவில் ஏறும்போதும், மூன்றாம் விநாடி முடிவில் இறங்கும்போதும் கடக்கும். இரண்டும் மெய்யான விடைகளே. 25 மீட்டர் உயரமுள்ள மேடையிலிருந்து அவ்வாறே எறிந்தால், அது தரையை அடையும் நேரம் 5 விநாடி என்றும் −1 விநாடி என்றும் வரும். எறிவதற்கு முன்னரே கல் விழுமோ? சிவகாசிப் பூவாணத்தின் பொறியைக் கணக்கிடுவோர்க்கும் இவ்வினா எழும்.

ஏறத்தாழ எழுபது வயதில், 1183-இல், பாஸ்கரர் கரணகுதூகலம் என்னும் வானநூலை எழுதினார். அவருடைய பேரர் சாங்கதேவர், பாட்டனாரின் நூல்களைக் கற்பிப்பதற்கென்றே மகாராட்டிரத்துப் பாடன் என்னும் ஊரில் ஒரு மடத்தை நிறுவினார். 1207-ஆம் ஆண்டைச் சேர்ந்த கல்வெட்டு இச்செய்தியைக் கூறுகிறது.