நடுநிலை காத்த தளபதி

குடகு நாட்டு மடிக்கேரியில் 1906ஆம் ஆண்டு பிறந்தவர் கே. எஸ். திம்மையா. நீலகிரி மலையிலுள்ள குன்னூரில், தூய சூசையப்பர் பள்ளியில் இளமைக் கல்வி பயின்றார். பின்னர்ப் படைத்தலைவராக உயர்ந்தார்.

மூன்றாண்டுகள் நிகழ்ந்த கொரியப் போர் 1953ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் ஓய்ந்தது. ஆயினும், சிறைப்பட்ட வீரருள் 22,000க்கு மேற்பட்டோர் தாயகம் திரும்ப மறுத்தனர். அவர்களை அனுப்பியே தீரவேண்டும் என்றது ஒரு தரப்பு. வற்புறுத்தலாகாது என்றது மறுதரப்பு. இவ்வழக்கைத் தீர்க்க ஐந்து நாடுகளின் நடுநிலைக் குழு அமைந்தது. சுவீடனும் சுவிட்சர்லாந்தும் ஒருபால் சாய்ந்தன. போலந்தும் செக்கோசுலோவாகியாவும் மறுபால் சாய்ந்தன. நடுவே நின்றது இந்தியா. குழுவின் தலைவர் திம்மையா.

சிறைப்பட்டோர்க்கு அவரவர் நாட்டார் விளக்கம் கூற 90 நாள் வரையறுக்கப்பட்டது. பலர் அதனைக் கேட்கவும் மறுத்தனர். அவர்களை வலிந்து இழுத்துவரத் திம்மையா உடன்படவில்லை. இரு தரப்பாரும் குறை கூறினர், அவர் அசைந்தாரல்லர்.

1957 முதல் 1961 வரை அவர் இந்தியத் தரைப்படையின் தலைமைத் தளபதியாக விளங்கினார். 1964இல் சைப்பிரசுத் தீவில் ஐக்கிய நாட்டு அமைதிப் படைக்குத் தலைமை ஏற்றார்; 1965 டிசம்பரில் அப்பணியிலேயே உயிர் நீத்தார். படைக்கலம் ஏந்திய கை அதனை ஓங்காதிருக்கவும் வல்லதாதல் வேண்டும் என்பதை அவர் வாழ்வு உணர்த்துகின்றது.